கேபிளைப் பிடுங்கினாலும் பாட்டு நிற்கக் கூடாது

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் திருமயம் கோட்டையைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. 1687ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. இதைப் பார்க்க வரும் பயணிகள் இப்போது அன்றே திரும்பி விடுவதில்லை. சுற்றுப்புறத்துச் செட்டிநாட்டு வீடுகள் பல, தங்கும் விடுதிகளாக மாறி விட்டன. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கானாடுகாத்தானில் விசாலம், காரைக்குடியில் பங்களா என்று பெயர் பெற்ற விடுதிகள் இருக்கின்றன. இவற்றைப் பார்த்து, பழைய வீட்டைப் பழுது பார்த்து, நான்கைந்து அறைகளை வாடகைக்கு விடும் சிறிய விடுதிகளும் இந்தப் பக்கம் வந்து விட்டன.

அப்படிப்பட்ட ஒரு சிறிய விடுதியின் உரிமையாளர் என்னை அழைத்திருந்தார். பிரச்னை இதுதான். எண்ணெய்த் தேய்ப்பு அறையில் மெல்லிய புல்லாங்குழல் இசை வர வேண்டும். அதற்காக வரவேற்பு மேசைப் பையனின் பழைய மொபைல் போனை, ஒரு புளூடூத் ஸ்பீக்கருடன் இணைத்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். புல்லாங்குழல் வந்து கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு பெண் குரல், "உடனடிக் கடன் வேண்டுமா?" என்று கத்துகிறது. இலவசக் கணக்கில் வரும் விளம்பரம். அது முடிந்து குழல் தொடங்கியதும் போன் மணி. பையனை அவன் அம்மா அழைக்கிறார். அதன் பின் வை-பை அறுந்து, அறை முழுக்க அமைதி. அந்த விருந்தினர் எழுந்து உட்கார்ந்து விட்டாராம்.

"அண்ணே, நெட் வேகத்தைக் கூட்டினா சரியாயிடுமா? மாசம் இன்னும் ஐநூறு ரூபா கூடக் கட்டத் தயார்" என்றார் உரிமையாளர்.

தேவையில்லை என்றேன். நெட் வேகத்துக்கும் இந்தப் பிரச்னைக்கும் அதிகத் தொடர்பு இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் இதே தவறான முடிவுக்குத்தான் வருகிறார்கள். பாட்டு நின்றால், வீடியோ சுற்றிக் கொண்டே இருந்தால், உடனே பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள். மாறிய பின்னும் பாட்டு நிற்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

வேகம் அல்ல, தொடர்ச்சி

ஒரு சிறு கணக்குப் போடலாம். நல்ல தரத்தில் பதிவான எம்.பி.3 பாட்டு ஒன்று நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 16 கிலோபைட். நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 57.6 மெகாபைட். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை 15 மணி நேரம் பாடினாலும் ஒரு நாளைக்கு 864 மெகாபைட்தான் ஆகும்.

ஓரளவு தெளிவான வீடியோ ஒன்றுக்கு நொடிக்கு 5 மெகாபிட் தேவைப்படுகிறது. அதாவது அறையில் ஒருவர் படம் பார்க்கும் போது செலவாகும் வேகம், பாட்டுக்குத் தேவையானதைப் போலச் சுமார் 40 மடங்கு. எனவே, இன்றைய பைபர் இணைப்பில் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. குழாய் பெரியதாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுநடுவே தண்ணீர் நின்று போகிறது. இது குழாயின் அகலத்தைக் கூட்டித் தீர்க்கும் பிரச்னை அல்ல. மாடியில் ஒரு தொட்டி கட்டி வைத்தால் தீரும் பிரச்னை.

இணையத்தில் பாட்டுக் கேட்கும் போது அந்தத் தொட்டியின் பெயர் பபர். அடுத்து வரப் போகும் பகுதியை பிளேயர் முன்கூட்டியே வாங்கி நினைவகத்தில் வைத்துக் கொள்கிறது. இணைப்பு சில நொடிகள் அறுந்தால் அந்தச் சேமிப்பிலிருந்து பாட்டுத் தொடரும். நமக்குத் தெரியக் கூடத் தெரியாது. ஆனால் தொட்டி சிறியது. இணைப்பு சில நிமிடங்கள் வராவிட்டால் காலியாகி விடும். பாட்டு நிற்கும்.

எங்கெல்லாம் அறுகிறது?

அந்த விடுதியில் ஒரு தாளை எடுத்து, பாட்டு வரும் வழியை வரைந்து பார்த்தோம். எங்கோ இருக்கும் இசை நிறுவனத்தின் சர்வர், அங்கிருந்து நமக்கு இணைப்புத் தரும் நிறுவனம், தெருக் கம்பத்தில் தொங்கும் பைபர், வீட்டில் இருக்கும் சிறிய பெட்டி, வை-பை ரூட்டர், சுவர், மொபைல் போன், புளூடூத், ஸ்பீக்கர். ஒன்பது இடங்கள். இதில் எந்த ஒன்று தடுமாறினாலும் பாட்டு நின்று விடும்.

இதில் சுவரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சுண்ணாம்பு பூசிய தடித்த செங்கல் சுவர்கள். முகப்பில் ரூட்டரை வைத்து விட்டு, இரண்டாம் கட்டில் வை-பை வரவில்லை என்றால் குற்றம் ரூட்டர் மீது இல்லை. புளூடூத் நிலையும் அதுவே. சாதாரணச் சாதனங்களில் சுமார் 10 மீட்டர், அதுவும் தடையில்லாத இடத்தில். போனைப் பையில் போட்டுக் கொண்டு பையன் சமையல்கட்டுக்குப் போனால் பாட்டும் அவனுடன் போய் விடும்.

அடுத்தது நெரிசல். வை-பையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பிரிவில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான் உள்ளன. புளூடூத்தும் இதே பிரிவில்தான் இயங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் சூடாக்குகிறது. சமையல்கட்டுக்கு அருகில் இருக்கும் அறையில் மட்டும் காலைச் சிற்றுண்டி நேரத்தில் பாட்டு விட்டு விட்டு வருகிறது என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

விடுதிகளுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. விருந்தினர் வை-பையில் சேர்ந்ததும் அறை எண், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பக்கம் வருமே, அது. சில இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை அது எல்லோரையும் வெளியேற்றி, மீண்டும் உள்ளே வரச் சொல்லும். மனிதர் என்றால் பாஸ்வேர்டைத் தட்டுவார். பாட்டுப் பாடும் பெட்டி என்ன செய்யும்? சும்மா நிற்கும்.

கடைசியாக மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாள் நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். விடுதியில் ஜெனரேட்டர் இருக்கும். ஆனால் அது ஓடத் தொடங்கும் வரையிலான சில நொடிகளில் ரூட்டர் அணைந்து விடும். மீண்டும் எழுந்து இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். மின்விசிறி உடனே சுற்றத் தொடங்கி விடும். பாட்டு மட்டும் வராது.

என் கருத்து

இங்கே என் கருத்தை நேராகச் சொல்லி விடுகிறேன். தினமும் தவறாமல் ஒலிக்க வேண்டிய இசையை இணையத்தை நம்பி விடக் கூடாது. அது உங்கள் கட்டடத்துக்குள், உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். இணையம் புதிய பாடல்களைக் கொண்டு வந்து சேர்க்கும் வண்டியாக இருக்கட்டும். வண்டி ஒரு நாள் வராவிட்டால் வீட்டில் சமையல் நிற்கக் கூடாது.

பின்னணி இசையை ஒரு தொழிலாக முதலில் நடத்தியவர்களும் தொடர்ச்சியைத்தான் விற்றார்கள். அமெரிக்க ராணுவத்தில் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் ஓவன் ஸ்குவியர், கம்பி வழியாக இசையை அனுப்பும் முறையை வளர்த்தவர். 1934ல் அந்த நிறுவனத்துக்கு மியூசாக் என்று பெயர் வைத்தார். மியூசிக் என்ற சொல்லையும் கோடக் என்ற கேமரா நிறுவனப் பெயரையும் சேர்த்து உருவாக்கிய பெயர் இது. அப்போது ரேடியோ வந்து விட்டிருந்தது. ஆனாலும் ஓட்டல்கள் பணம் கட்டிக் கம்பியில் வந்த இசையை வாங்கின. கரகரப்பு இல்லை, நடுவே விளம்பரம் இல்லை என்பது அதன் சிறப்பு. இன்று நாம் கம்பியை விட்டு விட்டு, விளம்பரமும் கரகரப்பும் உள்ள வழிக்குத் திரும்பியிருக்கிறோம்.

"இணையத்தில் கோடிக்கணக்கான பாட்டு இருக்கிறதே, எதற்காகச் சேமிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கோடிப் பாட்டும் உங்களுடையது அல்ல. கூகுள் பிளே மியூசிக் சேவை 2020ல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. ஏர்டெல் நிறுவனத்தின் விங்க் மியூசிக்கை மூடப் போவதாக அதே 2024ல் அறிவிப்பு வந்தது. அவற்றில் பார்த்துப் பார்த்துப் பட்டியல் போட்டு வைத்தவர்கள் எல்லாம் வேறு இடத்துக்கு மாற வேண்டியதாயிற்று. ஆப்லைன் டவுன்லோடு வசதி இருக்கிறதே என்றால், அதற்கும் எல்லை உண்டு. ஸ்பாட்டிபையில் 30 நாள்களுக்கு ஒரு முறையாவது இணையத்தில் சேராவிட்டால் இறக்கி வைத்த பாடல்கள் ஒலிக்காது.

குடுமியான்மலை சொல்லும் பாடம்

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள குடுமியான்மலையில், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் ஏழு பகுதிகளாக ஸ்வரங்களைப் பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்தார்கள். இசை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். திருமயம் சிவன் குடைவரையிலும் இசை பற்றிய ஒரு கல்வெட்டு இருந்தது. அதன் பெரும்பகுதி அழிந்து விட்டது. மிஞ்சியவை சில சொற்கள் மட்டுமே.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இதைவிட எளிதாகப் பேக்கப் பற்றிச் சொல்ல முடியாது. பாறையில் வெட்டினாலும், ஒரே ஒரு பிரதி இருந்தால் அது அழியலாம். எனவே ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, முடிந்தால் இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள்.

என்ன செய்தோம்?

அந்த விடுதியில் செய்ததைச் சொல்கிறேன். அலமாரியில் தூங்கிக் கொண்டிருந்த ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தோம். இதில் வேறு வேலை எதுவும் செய்யக் கூடாது என்று முதலிலேயே பேசி முடிவு செய்து கொண்டோம். விலை கொடுத்து வாங்கிய இசைப் பைல்களை ஒரு போல்டரில் போட்டோம். 64 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் 128 கிலோபிட் தரத்தில் சுமார் 1,000 மணி நேர இசை அடங்கும். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு பாட்டு திரும்ப வராது. இவ்வளவு யாருக்கும் தேவையில்லை. 40 மணி நேர இசையே போதும்.

பிளேயராக வி.எல்.சி.யைப் பயன்படுத்தினோம். இது இலவசம். விளம்பரம் வராது. காலை, மாலை, எண்ணெய்த் தேய்ப்பு அறை என்று மூன்று பிளே லிஸ்ட் தயாரித்து எம்3யு பைல்களாகச் சேமித்தோம். பட்டியல் முடிந்ததும் முதலிலிருந்து தொடங்குமாறு லூப் பட்டனை அழுத்தி வைத்தோம். காலைப் பட்டியலுக்கு ஒரு ஷார்ட்கட் உருவாக்கி, அதை விண்டோஸின் ஸ்டார்ட் அப் போல்டரில் போட்டோம். இப்போது லேப்டாப்பில் விண்டோஸ் திறந்தாலே பாட்டுத் தொடங்கி விடும். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டாம்.

பின் விண்டோஸில் நான்கு மாற்றங்கள் செய்தோம். வீட்டில் கம்ப்யூட்டரைப் பாட்டுக்குப் பயன்படுத்தும் வாசகர்களுக்கும் இவை உதவும்.

முதலாவது, பவர் பிரிவில் ஸ்லீப் என்பதற்கு நெவர் என அமைத்திடுங்கள். லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் உறங்காதபடி அமைத்திட வேண்டும்.

இரண்டாவது, விண்டோஸ் அப்டேட் பிரிவில் ஆக்டிவ் ஹவர்ஸ் என்று ஒரு வசதி உள்ளது. பாட்டு ஓடும் நேரத்தை அதில் கொடுத்திடுங்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

மூன்றாவது, சவுண்ட் ஸ்கீமில் நோ சவுண்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பாட்டுக்கு நடுவே டிங் என்ற ஒலி ஸ்பீக்கர் முழுக்கக் கேட்கும்.

நான்காவது, மோனோ ஆடியோவை இயக்குங்கள். இது பலருக்குத் தெரியாது. ஸ்டீரியோவில் இடது, வலது என்று இரண்டு வழிகளில் வேறு வேறு ஒலிகள் வரும். இடது ஸ்பீக்கரை முகப்பிலும் வலது ஸ்பீக்கரை வளவிலும் மாட்டினால் ஓர் அறையில் வயலின் மட்டும் கேட்கும், மற்றதில் மிருதங்கம் மட்டும் கேட்கும். மோனோவில் எல்லா அறையிலும் முழுப் பாட்டும் வரும்.

லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் புளூடூத்தை விட்டு விட்டு ஒயரில் இணைத்தோம். நீண்ட தூரத்துக்கு ஸ்பீக்கர் ஒயர் இழுக்க வேண்டியிருந்தால், 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிபயர் கேளுங்கள். கோவில்களிலும் பள்ளிகளிலும் மைக்செட் போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லேப்டாப்பில் பாட்டரி இருப்பதால் மின்சாரம் போகும் அந்தச் சில நொடிகளில் அது அணையாது. ஆம்ப்ளிபயருக்கு மட்டும் சிறிய யு.பி.எஸ். வைத்தோம். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து யு.பி.எஸ். வேண்டும். மேலும் அதன் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்ப வந்ததும் தானாக இயங்கு என்ற தேர்வையும் இயக்கி விடலாம்.

இதற்கெல்லாம் ஆன செலவு, உரிமையாளர் நெட் பிளானைப் பெரிதாக்க ஒரு வருடத்தில் கட்டியிருக்கக் கூடிய தொகைக்குள் அடங்கி விட்டது.

ஸ்ட்ரீமிங்கே வேண்டும் என்றால்

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஓட்டல்களுக்கு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இசை வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் பென் டிரைவ் அனுப்பிக் கொண்டிருக்க முடியாது. இவர்களுக்கென்றே வணிக இசைச் சேவைகள் உள்ளன. அவற்றிலும் நல்லவை, பாடல்களை உங்கள் இடத்தில் உள்ள பிளேயரிலேயே சேமித்து வைத்து ஒலிக்கச் செய்கின்றன. எனவே விற்க வருபவரிடம் எத்தனை கோடிப் பாட்டு இருக்கிறது என்று கேட்காதீர்கள். "இந்த நெட் கேபிளைப் பிடுங்கினால் எத்தனை மணி நேரம் பாடும்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் போதாது, அங்கேயே பிடுங்கிப் பார்த்து விடுங்கள்.

அத்துடன் இசைப் பெட்டிக்கு ரூட்டரிலிருந்து நேராக கேபிள் கொடுங்கள். கேட் 6 கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம். விருந்தினருக்கான வை-பையையும் விடுதி வேலைக்கான இணைப்பையும் ரூட்டரில் தனித்தனியாகப் பிரித்து விடுங்கள். பைபர் அறுந்தால் 4ஜி சிம்முக்குத் தானாக மாறும் ரூட்டர்களும் கிடைக்கின்றன. பாட்டுக்குத் தேவை மிகக் குறைவு என்பதால் அந்த சிம் போதும்.

உரிமையையும் கவனியுங்கள்

இதைச் சொல்லாமல் முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். நாம் மாதச் சந்தா கட்டும் இசைக் கணக்குகள் நம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அவற்றின் விதிமுறைகளில் உள்ளது. வீட்டில் கேட்கலாம். வாடிக்கையாளருக்காக ஓட்டலில் போடுவது வேறு. 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. விலை கொடுத்து வாங்கிய சி.டி.யாக இருந்தாலும் பொது இடத்தில் போட அனுமதி தேவை. இதற்கான உரிமங்களை ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற அமைப்புகள் தருகின்றன. யார் எந்தக் கட்டணம் வசூலிக்கலாம் என்ற வழக்கு 2025ல் டில்லி உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. எனவே பணம் கட்டும் முன், அன்றைய நிலை என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960ல் வெளியான இசைத்தட்டு என்றால் 2020 முடிவோடு அதன் ஒலிப்பதிவு உரிமை முடிந்தது. ஆனால் பாடலை இயற்றியவரின் உரிமை அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உண்டு. தியாகராஜர் 1847ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சினிமாப் பாட்டுக்கு உண்டு.

எனக்குப் பிடித்த வழி வேறு ஒன்று. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த மான்பூண்டியா பிள்ளையும், மிருதங்கத்தில் பெயர் பெற்ற தட்சிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள். இன்றும் இந்தப் பக்கம் நாகசுரம், வீணை, புல்லாங்குழல் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டில் பல மாதங்கள் அவர்களுக்கு வேலை இருப்பதில்லை. இரண்டு நாள் உட்கார வைத்து, பழைய கீர்த்தனைகளையும் ராக ஆலாபனைகளையும் பதிவு செய்யுங்கள். நியாயமான தொகை கொடுத்து, இந்த விடுதியில் ஒலிக்கச் செய்யலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொள்ளுங்கள். விளம்பரம் வராது. சேவை மூடப்படாது. எங்கிருந்தோ வந்த விருந்தினர், எங்கும் கேட்கும் பொது இசைக்குப் பதிலாகத் திருமயத்துக் காற்றில் ஒலிக்கும் இசையையே கேட்டு விட்டுப் போவார். உரிமையாளரிடம் இதைச் சொன்ன போது சற்று யோசித்தார். "நம்ம கோவில்ல வாசிக்கறவரைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அந்தப் பதிவு நடந்தால் நான் போட்டுக் கொடுத்த பட்டியலை அவர் அழித்து விடலாம்.

உங்கள் வீட்டிலும் இன்று ஒரு சோதனை செய்து பாருங்கள். ரூட்டரைப் பத்து நிமிடம் அணைத்து விடுங்கள். அதன் பின்னும் உங்கள் கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டு ஒலிக்கிறது, எந்தப் போட்டோ திறக்கிறது, எந்தக் கணக்குப் பைல் கிடைக்கிறது என்று பாருங்கள். கிடைப்பவை உங்கள் கையில் இருப்பவை. மற்றவற்றில் தினமும் தேவைப்படுபவை எவை என்று குறித்துக் கொண்டு, ரூட்டரை இயக்கியதும் முதல் வேலையாக அவற்றை உங்கள் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள்.